இருபத்தி நாலு

முக்கூடலில் எனக்கு மைக்செட் கடை.
அக்கா ஆவுடைத்தங்கம் பீடி சுற்றுகிறாள்.
கட்டுக்கு இருபத்தஞ்சு.
மடியில் தட்டு, தட்டில் தூள்,
இலை சுருளும் வேகத்தைக்
கண்ணால் எண்ண முடியாது.

பங்குனியில் ஒருநாள்
நூலை அறுக்காமல் நிமிர்ந்தாள்.
"இருபத்தி நாலுன்னு சொல்லுதாம்ல."
யாரு?
"செக்கர்."

அந்தச் செக்கர் கடையை விட்டுப்போய் ஆறு வருசம்.
சர்க்கரை வந்து கால் எடுத்து
கல்லிடைக்குறிச்சியில் மகள் வீட்டில்
கிடக்கிறான் என்று கேள்வி.

அவிழ்த்து எண்ணினாள். இருபத்தஞ்சு.
கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.
ஆயிரம் சுற்ற வேண்டியவள்
அன்று ஒரே கட்டை
விளக்கு வைக்கும்வரை எண்ணினாள்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
உச்சிப்பொழுதில் ஆத்துக்குப் போனாளாம்.
கட்டிக்கொடுக்காத குறையாம்.
தூள் மண்டைக்கு ஏறிவிட்டது என்றான்
நாளைக்கு மூணு கட்டு குடிக்கும் கடற்கரையாண்டி.

கொடையில் சாமியாடிக்கு மைக் பிடிக்கிறவன் நான்.
அவர் காதிலும் ஒருத்தர் வந்து சொல்லத்தான் செய்கிறார்.
சொன்னதை வாங்கிக்கொண்டு
ஊரே கைகட்டி நிற்கிறது.
மறுநாள் அவர் கரண்ட் ஆபீஸில் கையெழுத்துப் போடுகிறார்.
அவரிடம் வருகிறவர் நேரத்துக்கு வந்து
நேரத்துக்கு மலையேறுகிறார்.
இவளிடம் வந்தவன்
செருப்பைக்கூட வெளியே விடவில்லை.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சின்னப் பொண்ணுதான் டாக்டர்.
"எல்லாரும் மனசுக்குள்ள பேசிக்கிட்டேதான் இருக்கோம்.
இது என் பேச்சுன்னு மூளை ஒரு லேபிள் ஒட்டிரும்.
சில பேருக்கு ஒட்டாமலே வந்துருதோன்னு நினைக்கோம்.
முழுசா எங்களுக்கும் தெரியாது."
கடைசி வரிக்காகவே அவளைப் பிடித்துப்போனது எனக்கு.
அக்காவுக்கு லேபிள் என்றதும் விளங்கிவிட்டது.
லேபிள் ஒட்டாத கட்டு
எந்தக் கம்பெனி சரக்கென்று யாருக்குத் தெரியும்?

எனக்கு விளங்கியது வேறு மாதிரி.
மைக்கைப் பெட்டிக்கு நேரே வைத்தால்
தன் சத்தத்தையே கேட்டு
கேட்டதையே பேசி
பேசியதையே கேட்டு ஊளையிடும்.
வெளியாள் யாரும் வரவேண்டியதில்லை.
சரி,
ஊளைக்கு எதற்குச் செக்கர் குரல்?

திரும்பும் பஸ்ஸில், சேரன்மகாதேவி தாண்டி,
நான் கேட்காமலே சொன்னாள்:
"பதினாலு வயசுலேர்ந்து
கழிவுன்னு அவன் எடுத்துப்போட்ட பீடிய அடுக்குனா
நம்ம வீட்டு ஒசரம் வரும்.
ஒருநாளும் ஏன்னு கேட்டதில்லல."
அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரையில் தூக்கம் வந்தது, உடம்பு போட்டது.
செக்கர் போகவில்லை.
தெருமுனைக்குத் தள்ளிப்போயிருக்கிறான், அவ்வளவுதான்.

போன கொடையில், விடியக் கருக்கலில்,
ஜெனரேட்டரை அணைத்து வயர் சுற்றும்போது
"எலே சின்னத்தொர" என்று யாரோ கூப்பிட்டார்கள்.
தெளிவாக. முதுகுக்குப் பின்னால்.
திரும்பினேன்.
வாழைத்தார் கட்டிய பந்தக்கால், ஒரு நாய்.
யாரிடமும் சொல்லவில்லை.
ஒரு தடவைதானே.

முன்பெல்லாம் அவள் "ஒனக்குக் கேக்கால?" என்றால்
ஒண்ணுமில்ல, சும்மா இரு என்பேன்.
நேற்று சொன்னேன்:
எனக்குக் கேக்கல. என்ன சொல்லுதான்?

தட்டைக் கீழே வைத்தாள்.
இத்தனை நாளில்
அதை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.
"அதே இருபத்தி நாலுதான்" என்றாள்.
"அதான் இப்ப இருபத்தாறு வச்சிக் கட்டுதேன்.
இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டுப் போறாம்லா."

ஆயிரத்துக்கு நாற்பது பீடி கூடுதல்.
கடையில் இதுவரை
யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.