ரெண்டு கை

ஆயிரம் அடி ஆழத்துப் போர்த்தண்ணி
எங்க ஊரில் எல்லார் பல்லிலும்
காவி எழுதிவிட்டுப் போகும்.
என் பல்லில் கொஞ்சம் எச்சாக.
பத்தாவது குரூப் போட்டோ அன்றைக்கு
"ரெண்டாவது வரிசைப் புள்ள, வாயை மூடிக்கம்மா"
என்றார் போட்டோக்காரர்.
அன்றைக்கு மேலே ஏறிய கை
இருபத்திரண்டு வருசம் இறங்கவில்லை.

சிரிப்பு வந்தால் வலது கை.
அதில் துணி இருந்தால் இடது.
பெண் பார்க்க வந்தபோது ரெண்டிலும் காப்பித் தட்டு,
தலையைக் குனிந்துகொண்டேன்.
அடக்கமான பொண்ணு என்று
அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி.
செக்கிங் டேபிளில் எதிர்த்தாப்பல நிற்கும் கலாமணிதான்
"சும்மா வேடிக்கை பாக்க வாடி" என்று இழுத்துப் போனாள்.
கல்யாண மண்டபத்துக்குப் பின்னால்
கார் நிறுத்தும் இடம்.
தரையெல்லாம் ஆயில் கறை, ட்யூப் லைட்டில் ஈசல்.
அறுபது பெண்கள், வட்டத்துக்குள் வட்டம்.

"நீங்க எந்தக் கூட்டமுங்க?"
என்றாள் பக்கத்தில் நின்றவள்.
வாயைப் பொத்திக்கொண்டு நான் யோசிப்பதற்குள்
ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டு ஏறி
வட்டம் நகர்ந்துவிட்டது.
பொறவு அவள் கேட்கவேயில்லை.

குனிந்து தட்டு. நிமிர்ந்து தட்டு. திரும்பு.
என்னிடமிருந்து மட்டும் சத்தமில்லை.
ஒரு கை வழக்கம்போல உதட்டுக்குப் போயிருந்தது.
சொல்லித்தர வந்த அட்சயா,
காலேஜ் ரெண்டாம் வருசம்,
நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"அக்கா, கும்மிக்கு ரெண்டு கை வேணுமுங்க."
திட்டவில்லை.
கடைக்காரர் பாக்கி சொல்வதுபோலச் சொன்னாள்.

முதல் வாரம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினேன்.
ரெண்டாம் வாரம்
மூக்கு மட்டும் மூச்சுக்குப் போதவில்லை.
வாய் தானாகத் திறந்தது, காற்றுக்குத்தான்.
யாரும் பார்க்கவில்லை.
அவரவர் காலை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
இதுக்கா இருபத்திரண்டு வருசம் என்று
சிரிப்பு வந்தது.
கை வரவில்லை.
அது தட்டப் போயிருந்தது.

தைரியம் என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன்.
மாகாளியம்மன் நோம்பியில் ஆடியபோது
மூன்றாவது சுற்றில் திசை மாறித் திரும்பி
கலாமணியின் காலை மிதித்தேன்.
வீட்டுக்காரர் எடுத்த வீடியோவில்
பாதி நேரம் லைட் கம்பம்.
மீதியில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி
வாயைப் பிளந்துகொண்டு சுற்றுகிறாள்.
அழிக்கத்தான் வாங்கினேன் போனை.
நாலு தடவை வைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை சம்பளக் கவர்.
நான் பார்த்தது இருநூற்று நாற்பத்தொரு டஜன்.
சீட்டில் இருநூற்று முப்பத்தெட்டு.
போனால் போகுது என்று வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்.
கேட்டால் பேச வேண்டும்,
பேசினால் பல் தெரியும்.

சூப்பர்வைசர் மேசையில் சீட்டை வைத்தேன்.
அதன் இந்தப் பக்கம் ஒரு கை,
அந்தப் பக்கம் ஒரு கை.
"மூணு டஜன் கொறையுதுங்க. எண்ணிப் பாருங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.
பல்லைத்தான் பார்த்தார், தெரியும்.
பிறகு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

மேசைக்குக் கீழே
என் கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது,
எட்டுக்கு எட்டு,
தாளம் தப்பாமல்.