வரிசைக்கு வெளியே

ஒலுமடுவுக்கு இப்பால், பாலைமரத்தடியில்,
சோளகம் புழுதி கிளப்பிய ஒரு காலை
எனக்கு அது தெரிந்துவிட்டது.

அதற்கு முன் பதினொரு மாதம்
இந்தக் காணியில் நான்தான் பிரிவுத் தலைவன்.
ஆறரைக்கு விசிலடிப்பவன்.
கயிறு கட்டிய ஒரு மீற்றர் ஒழுங்கையில்
ஒவ்வொருத்தியாய் முழந்தாளிட வைப்பவன்.
இங்கே ஒன்று, ரெண்டு முழம் தள்ளி இன்னொன்று என்று
வைத்தவனின் மனதுக்குள் புகுந்து சொல்பவன்.
“எப்பிடியண்ணை பிசகாமல் சொல்லுறியள்?”
அனுபவம் என்றேன்.
பொய்யில்லை.

சந்திரவதனி மட்டும்
ஒவ்வொரு மிதிவெடி எடுக்கும்போதும் திட்டுவாள்.
வைச்சவன்ரை கை அழுகிப் போக,
அவன் பெத்தது அவன்ரை கண்ணுக்கு முன்னாலை நொண்ட.
மீளக் குடியேறிய முதல் கிழமை
விறகுக்கு வந்து களைத்து
இந்தப் பாலை நிழலில் குந்தப் பார்த்தவன்
அவள் புருசன் நேசராசா.
வலது கால், முழங்காலுக்குக் கீழே.
மரம் எந்த வரிசையிலும் இல்லை,
எந்த வரைபடத்திலும் இல்லை.
“ஆரண்ணை அவன்?”
கண்டுபிடிப்பம் என்றேன்.
அழுகத்தான் வேணும் என்றும் சொன்னேன்,
மற்றவர்களோடு சேர்ந்து, தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக.

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்தவன் நான்.
சோதனை எழுதவில்லை.
கொப்பியில் ஒரு பக்கம் மட்டும் இன்னும் பாடம்:
கிரேக்க மேடையில் கொலை நடக்காது,
கதவுக்குப் பின்னால் நடக்கும்,
செய்தி சொல்பவன்தான் ஓடி வருவான்.
பிழை என்பதற்கு அவர்களிடம் ஒரு சொல்.
அம்பு குறி தப்புவது என்று பொருள்.
ஓரத்தில் சிவப்பு மையில்: ஐந்து புள்ளி.

வீட்டுக்கு ஒருவர் என்ற நாட்கள்.
அண்ணனும் நானும் துண்டு குலுக்கினோம்.
இரண்டு துண்டிலும் என் பெயரையே எழுதியிருந்தேன்.
எடுத்தது அம்மா.
விதி என்று அழுதாள்,
விட்டுவிட்டேன்.

இரவில் கொண்டுவந்து இறக்கினார்கள், இரவிலேயே ஏற்றினார்கள்.
அது அம்பகாமப் பக்கம் என்றே
இத்தனை காலம் நம்பியிருந்தேன்.
வரிசை அவர்கள் சொன்னது, ஆழம் அவர்கள் சொன்னது.
அதெல்லாம் தலையெழுத்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும்;
ஏழரைச் சனி என்ற சாத்திரியும் சரியாகவே இருக்கட்டும்.
மிஞ்சியவற்றை என்ன செய்வதென்று
ஒருவரும் சொல்லவில்லை.
அந்தப் பின்னேரம் எனக்கு மேலே ஆருமில்லை,
மழை மட்டும்.
வெயிலில் வருகிறவன் நிழலுக்குத்தான் வருவான் என்று
நானாய் யோசித்தேன்.
சேற்றில் தாழாதிருக்க
அடியில் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தேன்,
அதுவும் நானாய்.
கெட்டிக்காரனடா என்று
என் தோளை நானே தட்டியதும் ஞாபகம்.
பதினெட்டு வயது.

அந்த அம்பு குறி தப்பவில்லை.
அதுதான் பிழை.

இன்று மரத்தின் மறுபக்கம் டிடெக்டர் கத்தியது.
நானே குப்புறப் படுத்துச் சுரண்டினேன்.
மண், வேர், ரப்பர் மூடி.
எடுத்த பிறகு, அடியில்
சிவப்பாய் ஓர் ஓட்டுத்துண்டு,
என் கையைக் கண்டு சிரிப்பதுபோல.
பதினொரு மாதமாய் எவனுடைய மனதுக்குள் புகுந்தேன்?
முகக்கவசத்தைத் தூக்கினேன். தூக்கக் கூடாது, விதி அப்படி.
கண் இரண்டும் இருந்தன.
எல்லாம் தெளிவாய்த்தான் தெரிந்தது.

சந்திரவதனி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.
ஓட்டுத்துண்டை அவள் முன்னால் வைத்தேன்.
வைச்சது நான்தான் என்றேன்.
செய்தி சொல்பவன் வேறு ஆளாய் இருந்திருக்கலாம்.

மூடியைப் போட்டாள். பிறகு திறந்தாள்.
கறியைப் பார்த்தபடியே நெடுநேரம் இருந்தாள்.
மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“எத்தினை வைச்சனீ?”
அண்ணை இல்லை, நீங்கள் இல்லை.

மூண்டு. மூண்டு எண்டுதான் நினைக்கிறன்.

“நினைக்கிறதை விட்டிட்டு எழும்பு,
மற்றதைக் காட்டு” என்றாள்,
சிவப்பு முனைக் கட்டைகளை அள்ளிக்கொண்டு.

எந்த மரம் என்று
எனக்கு ஞாபகம் வரவில்லை.