எழுபத்திரண்டாவது கிலோமீட்டர்

ஏரியை ஒட்டிய சாலை. ஹொக்கைடோவின் ஜூன் குளிர்.
கியொனே அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டே ஓடுகிறாள்.
அவன் இங்கே இல்லை.
அபாஷிரியில், அப்பாவின் படகை விற்ற பணத்தை
எண்ணிக்கொண்டிருப்பான்.

முதல் பத்தில், வேகம் அதிகம் என்று
கைக்கடிகாரம் இரண்டு தடவை கத்தியது.
அதனிடமும் எரிந்து விழுந்தாள்.

நாற்பதில், அவனுக்கென்று தீட்டி வைத்திருந்த வாக்கியம்
பாதி மறந்துபோனது.
கடைசி வினைச்சொல் மட்டும் மிச்சம்.

ஐம்பத்தெட்டில் அழுகை.
அழுதால் மூச்சு உடைகிறது,
மூச்சு உடைந்தால் கால் தடுமாறுகிறது.
இரண்டு அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே:
அழுகையையும் அந்தக் கணக்கிலேயே விட்டாள்.

எழுபத்திரண்டில் மழைச்சட்டை போட்ட பள்ளிப் பையன்
உப்பில் ஊறிய பிளம் ஒன்றை நீட்டினான்.
புளிப்பில் அவளுக்கு ஒரு கண் மட்டும் மூடிக்கொண்டது.
அண்ணனுக்கும் அப்படித்தான்,
அதே இடது கண்.

மன்னித்தாளா? இல்லை.
படகு போனது போனதுதான்.
கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடத்தில்
கோபம் இப்போது பக்கத்தில் ஓடி வருகிறது,
முந்தாமல்,
அதற்கும் மூச்சு வாங்குகிறது.

கொட்டையைத் துப்பாமல்
கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறாள்.
இன்னும் இருபத்தெட்டு.