சளிக் குப்பி

எச்சில் வேண்டாம் என்று சொல்லித்தான் குப்பியைக் கொடுத்தேன்.
விடியுமுன், வாய் கொப்பளித்துவிட்டு
ஆழத்திலிருந்து இருமி எடுக்க வேண்டும்.
நம்புக்கனி மூடியைத் திருகிப் பார்த்தாள்:
"எத்தனை பாகம் ஆழம், சார்?"

களிமண்குண்டில் பாசி எடுப்பவளிடம்
ஆழத்தைப் பற்றி நான் பேசியிருக்கக் கூடாது.
விரல்களில் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி
தீவோரம் முங்கி மரிக்கொழுந்து பறிப்பவள்.
போன தையில் நாற்பது எண்ணும்வரை உள்ளே இருப்பாளாம்.
இப்போது பன்னிரண்டு.
அதுக்கு மேல நெஞ்சுக்குள்ள யாரோ கதவைத் தட்டுறாக, என்றாள்.

"வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்தாதீக."
மகளுக்கு வேதாளையில் பேச்சு நடக்கிறது.
அதனால் பாசிக் கொட்டகையில் வைத்து மாத்திரை.
எடை பார்க்கவும் வியாபாரியின் தராசுதான்.
கஞ்சிப்பாசி மூட்டை இறங்கிய ஈரத் தட்டில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.
முப்பத்தாறு கிலோ.
"காஞ்ச விலையா, ஈர விலையா?" என்றார் கொட்டகைக்காரர்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
சிரிப்பு இருமலில் போய் முடிந்தபோது
அவர் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.
மூன்று பேரும் அதைப் பார்க்காததுபோல் பார்த்தோம்.

முதல் வாரமே பயந்துபோய் வந்தாள்:
"ஆரத்தி கரைச்சு ஊத்துன மாதிரி போகுது சார்."
மாத்திரையின் நிறம், ரத்தம் இல்லை என்றேன்.
நம்பினாளோ என்னவோ,
மறுநாளும் கை நீட்டினாள்.

மூன்றாம் மாதம் மாவட்டத்திலேயே மருந்து இல்லை.
ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது என்று
படித்துப் படித்துச் சொன்னவன் நான்.
உச்சிப்புளி புருனோவிடம் நான்கு அட்டை கைமாற்று.
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை,
பார்க்கும்போதெல்லாம் கேட்கிறான்.
சத்துப் பணம் இரண்டு மாதத்துக்குச் சேர்ந்து வந்தது.
முட்டை வாங்கினாள், மகள் தின்றாள்.
கணக்கில் அது நோயாளி தின்றதுதான்.

ஐந்தாம் மாதம் சளியில் கிருமி இல்லை.
தாளை நீட்டினேன். வாங்கவில்லை.
"நில்லுங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு
கரையோரத் திட்டிலேயே முங்கினாள்.
எண்ணச் சொல்லவில்லை, எண்ணினேன்.
பதினெட்டில் ஒரு நண்டு என் காலடியில் ஓடியது.
இருபத்தாறில் தலையைக் காணோம்.
முப்பத்தொன்றில் பாசியோடு ஒரு கை.
"எவ்வளவு?"
"முப்பத்தொன்று."
"பத்தாது" என்று மறுபடி முங்கிவிட்டாள்.
பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

இருக்கும் கட்டத்தில் இன்னொரு பெயர்:
சீனி உதுமான், விசைப்படகு, வயது இருபத்தொன்பது,
இரண்டாம் மாதத்தோடு தொடர்பில் இல்லை.
மணலில் புதைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே
அவன் எண்ணை அழுத்தினேன், இன்றைக்கு நான்காம் முறை.
எடுத்தார்கள்.
ஹலோ இல்லை. காற்று, இயந்திரச் சத்தம்,
அதற்கு நடுவில் யாரோ மூச்சு விடுவது.
இருமல் வருகிறதா என்று
காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.