முப்பத்துப் பத்தாம் படி

வால்பராய்சோவில் இன்றும் மலைரயில் ஓடவில்லை.
ஒரு கையில் ரொட்டியும் உருளைக்கிழங்கும்,
மறு கையில் மைத்தேயின் பிசுபிசுத்த விரல்கள்.
முதுகில் கட்டிய நெமேசியோ
என் பின்னலைச் சப்பிக்கொண்டே வருகிறான்.

முப்பதுக்கு மேல் எண் தெரியாது அவளுக்கு.
"முப்பத்துப் பத்து" என்கிறாள்,
"முப்பத்துப் பதினொன்று."
நான் திருத்தவில்லை. மூச்சு வாங்குகிறது;
தவிர, அந்தக் கணக்கிலும்
படிகள் சரியாகத்தான் வருகின்றன.

மஞ்சள் பூனை படுத்திருக்கும் திருப்பத்தில்
கையை உருவிக்கொண்டு ஓடுகிறாள், தனியாக,
முதல்முறை.
விழுந்துவிடுவாய் என்று கத்த வாயெடுக்கிறேன்,
கழுத்தில் சுருக்கென்று ஒரு கடி.

பல்!

மைத்தே, நில்லடி, தம்பிக்குப் பல்!

உச்சியிலிருந்து கேட்கிறாள்: "எத்தனை?"

ஒன்று. ஒன்றே ஒன்று.

எப்போது பையை விட்டேனோ,
கிழங்குகள் கடலைப் பார்த்து
உருண்டுகொண்டிருக்கின்றன.