முப்பது விநாடி

மதுக்கரைச் சரிவில் பாலக்காட்டுக் காற்று
சிவப்புக் கொடியைச் சொடுக்கிக்கொண்டிருந்தது.
பெட்டியில் மையழிந்த முத்திரை: அறுபத்தி நாலு.
என்னைவிடப் பதினோரு வயது மூப்பு
இந்தப் பித்தளைக்கு.

களிம்பேறியதை இடப்பக்கம் தள்ளினோம்.
கழுத்தில் மயிரிழை விரிசல், அதுவும் இடப்பக்கம்.
நகத்தால் நிமிண்டிக் குண்டு ஆடினால்
அதுவும்.
தேறிய இருபதோடு
கருணாம்பிகை மணல்மூட்டைமேல் படுத்தாள்.

ஏழு ரவை ஒழுங்காய்ப் போயின.
எட்டாவது,
டிக்.

"வெடிக்கலைங்களே" என்று குனிந்தேன்.
"அப்படியே நில்லுங்க. எண்ணுங்க."

தூங்குகிற மருந்து தாமதமாய் விழித்துக்கொள்ளலாம்.
அதற்கு முப்பது விநாடி.
குழல் இலக்கை விட்டு அசையவில்லை, அவள் தோளும்.
பதினொன்றில் சிமெண்டு ஆலைச் சங்கு.
இருபத்தெட்டில் வேலிக்கப்பால் ஓர் ஆடு இருமியது,
எனக்கு உயிர் போய் வந்தது.

பூட்டை இழுத்தாள்.
ரவையின் பின்புறம்
ஊசி ஆழமாகவே குத்தியிருந்தது.
"அடி சரிங்க. இதுக்குத்தான் மனசில்ல."

மீதிப் பன்னிரண்டும் வெடித்தன.
படிவத்தில் மனசுக்குக் கட்டம் கிடையாது.
'இருபதில் ஒன்று பழுது.
பயிற்சிக்கு ஆகும், காவலுக்கு ஆகாது'
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த ஒன்றை
மணல் வாளியில் தனியே வைத்தாள்,
முனை மலைப்பக்கமாய்,
இன்னும் நம்பாமல்.