மதில் தேடி

கோட்டை என்று பலகை போட்ட நிலையத்தில் இறங்கினேன்.
இது புறக்கோட்டை என்றார் டிக்கெட் வாங்கியவர்.
கோட்டை சிக்னலுக்கு அப்பால்.
அப்படியென்றால் பலகை?
தோளைக் குலுக்கினார். பின்னால் சனம் தள்ளியது.

மூன்றாம் மாடியில் கப்பல் கம்பனி.
கண்ணாடிக்குப் பின்னால் ஓஷினி என்று பெயர்ப்பட்டி.
கண்ணாடியில் அரைவட்டமாய் ஒரு ஓட்டை,
கை போகும், குரல் பாதிதான் போகும்.
ஏழு மாதச் சம்பளம் என்றேன்.
"ரெண்டரைக்கு வாங்க, சேர் வந்திடுவார்."
அப்போது பத்தே கால்.

புளியந்தீவில் வளர்ந்தவள் நான்.
எங்களுக்குக் கோட்டை என்றால் கச்சேரி.
பிறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நின்று
பீரங்கியில் சாய்ந்து படிவம் நிரப்பியிருக்கிறேன்.
மதில் அங்கே மதிலாகவே நிற்கும்,
வாவிப் பக்கம் பாசி,
மேலே ஏறினால் தோணிகள்.
இங்கேயும் ஒன்று இருக்கும்தானே என்று
யோர்க் வீதியில் தேடத் தொடங்கினேன்.

வங்கி. வங்கி. நகைக்கடை. இன்னொரு வங்கி.
மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு காலத்தில் வெளிச்சவீடாம்.
கப்பலுக்குக் கரை காட்டியது
இப்போது லஞ்சுக்குப் போகிறவர்களுக்கு நேரம் காட்டுகிறது.

கார் நிறுத்துமிடத்தில் துண்டு கிழிக்கும் துவான் ரஸீன்,
கொம்பனித்தெரு மலாய்க்காரர்,
என்னைவிட வேகமாய்த் தமிழ் பேசினார்.
"மதிலா? வெள்ளைக்காரனே இடிச்சிட்டான் மிஸ்.
முந்தி இது தீவு மாதிரி.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் குளம்,
குளத்துக்குள்ள முதல.
அடிமைகள் நீந்திப் போகாம இருக்கவாம்.
வாப்பா சொன்னது. வாப்பாக்கு யார் சொன்னதோ."
பிறகு ஒரு வங்கியின் பக்கம் கை நீட்டினார்.
"வாசல் மட்டும் ஒரு துண்டு மிச்சம்."

வாசல்தான்.
தடித்த வளைவு, தோள் கொடுக்க மதில் இல்லாமல்.
யாரும் நுழையத் தேவையில்லை, சுற்றிக்கொண்டு போகலாம்.
நான் நுழைந்தேன். வெளியே வந்தேன்.
மறுபடி நுழைந்தேன்.
வங்கிக் காவலாளி என்னையே பார்த்தான்.

அவருடைய கப்பல் ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரத்தில்.
முதலாளி போன் எடுப்பதில்லை.
ஆறு பேர், இறங்க அனுமதி இல்லை.
துருப்பிடித்த விளிம்பு, அதற்கப்பால் தண்ணீர்,
குடிதண்ணீர் மட்டும் வாரத்துக்கு ஒரு வள்ளத்தில்.
தளத்தைச் சுற்றினால் நூற்றிப் பதினொரு எட்டாம்.
ஏன் எண்ணினீங்க என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

வாசலைப் படம் எடுத்தேன்.
ஒல்லாந்தர் கட்டினது, மதில் போயிற்று,
நீங்களும் வருவீங்க என்று எழுதி
கடைசி மூன்று சொல்லை அழித்து
அனுப்பினேன்.

ரெண்டரை. சேர் வரவில்லை.
ஓஷினி அரைவட்டத்துக்குக் குனிந்து
"அக்கா, சாப்பிட்டீங்களா?" என்றாள்.
அதற்கு மட்டும் நான் பதில் தயாரித்து வரவில்லை.
கடவுச்சீட்டுப் பிரதியில் ஒரு பக்கம் குறைகிறதாம்.
கீழே கடை இருக்கிறது. பக்கம் இருபது ரூபாய்.

இரவு ரயிலுக்கு, கோட்டையிலிருந்து
புறக்கோட்டையில் இருக்கும் கோட்டைக்கு நடந்தேன்.
படத்தின் கீழே ஒற்றைச் சரி, சாம்பல் நிறம்.
ராகமையில் பார்த்தேன், ஒன்று.
பொல்காவலையில் ஒன்று.
மாகோவில் யாரோ வடை விற்றபடி என் காலை மிதிக்க விழித்தேன்.
இரண்டு.
சாம்பல்தான்.